பூட்டுப் போடாதவர்

சிமெண்ட் லாரி வருகிறதென்று அவர் ஒருநாளும் நின்றதில்லை.

துபாய் அல் கூஸில் எங்கள் கிடங்குக்கு எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை இருந்தது. நடுவில் போகும் சாலையில் கான்கிரீட் வண்டிகளும் ட்ரெய்லர்களும் விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். அவர் வலது கையை, வகுப்பில் சந்தேகம் கேட்கும் பிள்ளையைப் போல லேசாகத் தூக்குவார். பிறகு சாலையில் இறங்கி நடப்பார். வேகமாகக்கூட நடக்கமாட்டார். லாரிகள் கிறீச்சிட்டு நிற்கும். பாகிஸ்தான் பட்டாணிய டிரைவர்கள் தலையை வெளியே நீட்டி அவர் பரம்பரையையே திட்டுவார்கள். இவர் தொப்பியைத் தொட்டு அவர்களுக்கு நன்றி சொல்வார்.

நான் இந்தப் பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன்.

"வா பாய்" என்று அங்கிருந்து கூப்பிடுவார், இந்தியில் தம்பி என்கிற அர்த்தத்தில். "அவன் வீட்டிலும் பெண்டாட்டி பிள்ளை இருக்கும். பிரேக் போடுவான்."

"பிரேக் பிடிக்கலன்னா சார்?"

அவர் யோசிப்பார். பாவனைக்காக அல்ல, உண்மையாகவே யோசிப்பார். அப்படியும் ஒன்று நடக்கலாம் என்பது அதுவரை அவர் புத்தியில் ஏறியதே இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். பிறகு, "பிடிக்கும்" என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அவர் இங்கிலாந்துப் பிரபு. அப்பா, தாத்தா, பாட்டன், பூட்டன் என்று எல்லாருமே பிரபுக்கள். ஊரில் கோட்டை மாதிரி ஒரு வீடு உண்டு, ஆனால் ஒழுகாத அறை என்று அதில் ஒன்றுகூட இல்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வாலிபத்தில் பட்டாளத்தோடு வளைகுடாவுக்கு வந்தவர், வெயில் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார். ஜுமைராவில் கடலை ஒட்டிப் பழைய ஒற்றைத்தள வில்லாவில் இருந்தார். ஓவியங்கள் வாங்குவதைத் தவிர அவருக்கு வேறு தொழில் இருந்ததாக நான் பார்க்கவில்லை. ஊர்வீட்டுக் கூரையைச் சரிசெய்ய ஒரு படத்தை விற்பார். விற்ற காசு பையில் இருக்கும்போதே இன்னொரு படம் கண்ணில் பட்டுவிடும். கூரை பழையபடி ஒழுகும்.

பார்த்தால் யாரும் பிரபு என்று சொல்லமாட்டார்கள். கொக்கைப் போல நெடுநெடுவென்று இருப்பார், முதுகில் லேசாகக் கூன். சட்டைக் காலர் நைந்து நூல் தொங்கும். கால்சட்டை இடுப்பில் நிற்பதற்குப் பெல்ட்டுக்குப் பதிலாக ஒரு பழைய டையைக் கட்டியிருப்பார். வெயிலில் மூக்குத் தோல் எந்நேரமும் உரிந்துகொண்டே இருக்கும்.

வில்லாவில் கொள்ளாத படங்களை வைக்கத்தான் அல் கூஸ் கிடங்கு. ஏ.சி.யைக் கவனிப்பது, படங்களைத் தூசி தட்டுவது, பெட்டியில் அடைப்பது, கேட்டால் எடுத்துக் காட்டுவது, இவ்வளவுதான் என் வேலை. வீட்டு வேலையாள் விசாவில் என்னை எடுத்திருந்தார். துபாய் முழுக்கக் கிரேன்கள் நின்ற, எங்கு பார்த்தாலும் புழுதி பறந்த காலம் அது. எட்டாம் வகுப்போடு பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கிளம்பி, பல சைட்டுகளில் கம்பி கட்டித் தேய்ந்துபோயிருந்த எனக்கு, ஏ.சி.க்குள் வேலை என்பது சொர்க்கம்தான். ஆனால் அந்தச் சொர்க்கத்தில் நான் நிம்மதியாக மூச்சு விட்ட நாள் ஒன்றுகூட இல்லை. காரணம், அவர் பூட்டமாட்டார்.

வில்லாவைப் பூட்டமாட்டார், காரைப் பூட்டமாட்டார், கிடங்கையும் பூட்டமாட்டார். பொறுக்கமுடியாமல் நானே என் காசில் ஒரு கனமான பித்தளைப் பூட்டு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். மறுநாள் பார்த்தால், காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கிடங்குக் கதவுக்கு அதையே முட்டுக் கொடுத்திருந்தார்.

"சார், பூட்டு பூட்டுறதுக்கு."

"பூட்டைப் பார்த்தால்தான் உள்ளே ஏதோ இருக்கிறதென்று திருடனுக்குத் தெரியும் பாய்."

"ஏற்கெனவே தெரிஞ்சவன் வந்தா?"

"வந்தால் படங்களைப் பார்ப்பான். நல்லதுதானே? எத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள்?"

எங்கள் பேச்சு ஓட்டை ஆங்கிலமும் ஓட்டை இந்தியும் கலந்த ஒன்று. என் ஆங்கிலம் ஓட்டை, அவர் இந்தி ஓட்டை. இரண்டையும் சேர்த்தால் எப்படியோ ஒழுகாமல் நின்றது. ஆனால் நான் சொல்ல நினைத்ததை மட்டும் கடைசிவரை எந்த மொழியிலும் அவருக்குச் சொல்ல முடியவில்லை. இங்கே ஒரு பொருள் குறைந்தால் யாரைக் கேட்பார்கள்? உங்களையா கேட்பார்கள்? கிடங்கில் இருந்தவன் எவன் என்றுதான் முதல் கேள்வி வரும். அவன் பாஸ்போர்ட் எங்கே என்பது அடுத்த கேள்வி.

ஒருநாள் காலையில் பிக்கப் வண்டியோடு கிடங்குக்கு வந்தார். சுவரளவு பெரிய படம் ஒன்றை வெளியே எடுக்கச் சொன்னார். புயலில் சாயும் பாய்மரக் கப்பல் அது.

"புஜைராவுக்குப் போகிறோம்."

"அங்க யாருக்கு சார் படம்?"

"யாருக்கும் இல்லை. இந்தக் கப்பல் ரொம்ப வருஷமாக அறைக்குள்ளேயே இருக்கிறது. கடலைப் பார்க்கட்டும்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். பிக்கப்பின் திறந்த பின்புறத்தில், கம்பளியில் சுற்றிய படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் ஓட்டினார். மலைச்சாலையில் ஜல்லி லாரிகளை வளைவுகளிலேயே முந்தினார். ஒவ்வொரு முறையும் படத்தை இன்னும் இறுக்கிக்கொண்டேன். ஊரில் இருக்கிற குலதெய்வத்திலிருந்து வழியில் பார்த்த பள்ளிவாசல் வரைக்கும் எல்லாரையும் கூப்பிட்டேன். புஜைராக் கரையில், எண்ணெய்க் கப்பல்கள் தூரத்தில் வரிசையாக நிற்க, படத்தை மணலில் நிறுத்திக் கடலைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொன்னார். பின்னால் நான் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தேன். காற்றுக்குப் படம் பாயாகப் புடைத்தது. ஒரு கை தவறினால் போதும், கப்பல் உண்மையாகவே கடலுக்குப் போய்விடும்.

அவர் படத்துக்குப் பக்கத்தில் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, படம் பார்த்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நிம்மதியான ஒரு மனித முகத்தை அதற்குப் பிறகும் நான் பார்த்ததில்லை. கை கடுத்து, வியர்த்து நின்ற அந்த நேரத்திலும் எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது. இப்படி ஒருநாள், ஒரே ஒருநாள், இருந்து பார்க்கமாட்டோமா என்று இருந்தது.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம். வீட்டில் வேலை செய்கிறவர்கள், சமையல்காரரோ தோட்டக்காரரோ, வருஷத்துக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துத் தம் அறைக்குக் கொண்டுபோகலாம். ஒரு வருஷம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம். இவருடைய பாட்டனார் காலத்திலிருந்தே நடக்கிறதாம். வில்லாச் சமையல்காரர் ஒரு மலையாளி. எல்லாருக்கும் அவர் சேட்டன். சேட்டன் ஒரு நீலக் கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்துத் தன் அறை ஜன்னலில் வைத்திருந்தார்.

"உன் முறை பாய்" என்று சார் என்னைக் கேட்டபடி இருந்தார். நான் ஒவ்வொரு சாக்காகச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். ரூம் அஜ்மானில் என்றேன். இடமில்லை என்றேன். மூட்டைப்பூச்சி என்றேன். கடைசியில் அவர் முகம் சுருங்கிவிட்டது. "உனக்கு என் படங்களில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லையா?" என்றார். அதற்குமேல் மறுக்க வாய் வரவில்லை.

கிடங்கைச் சுற்றி வந்தேன். என் கணக்கு எளிது. பெரிய படம் பெரிய ஆபத்து, சின்னப் படம் சின்ன ஆபத்து. இருப்பதிலேயே சின்னதாக, என் இரண்டு உள்ளங்கை அளவில் ஒரு பலகை ஓவியம் இருந்தது. ஈயத்தட்டில் ஒரு மீன், பக்கத்தில் ஒரு கத்தி, அவ்வளவுதான். ஓரமெல்லாம் கறுத்திருந்தது. இது போனால்கூட யாரும் தேடமாட்டார்கள் என்று நினைத்து அதை எடுத்தேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு தோளில் தட்டினார். "எனக்கும் அதுதான் பிடிக்கும்" என்றார்.

அஜ்மானில் நாங்கள் இருந்த அறையில் ஈரடுக்குக் கட்டில்கள். கீழ்க்கட்டில் என்னுடையது. சுற்றிலும் திரை கட்டி, அதற்குள்தான் என் குடும்பப் போட்டோ, சாமி படம், சோப்பு, பல்பொடி எல்லாம். அங்கே மீனையும் மாட்டினேன். அறைக்குப் பொறுப்பு எங்கள் காக்கா. அதிராம்பட்டினத்துக்காரர், கீழே தெருவில் பக்காலா, மளிகைக்கடைதான், வைத்திருந்தார். வயதில் மூத்தவர் என்பதால் ரூம் முழுக்க அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடும். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் திரைக்குள் தலையை நீட்டினார்.

"இதென்ன தம்பி மீனு? வாங்குறப்ப செவுளத் தூக்கிப் பாத்தாராமா ஒங்க லார்டு?"

"காக்கா, மெதுவா. ஆடப்போவுது."

"கண்ணு உள்ள போயிருக்கே. ஐஸ் மீனுப்பா இது. நம்ம ஊர்ல பூனைக்குப் போட்டாலும் மோந்து பாத்துட்டுப் போயிரும்."

மேல்கட்டிலிலிருந்து ஒருவர், "கொழம்பு வெக்கிற அன்னிக்கு இதக் காட்டிட்டே சோத்தத் தின்னுரலாம் காக்கா, மீன் செலவு மிச்சம்" என்றார். அறையே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என் தூக்கம் போயிற்று. யாராவது சிகரெட் பற்றவைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மீன் பொரித்தால் புகை படுமே என்று படத்தின் மேல் துண்டைப் போடுவேன். நகராட்சிக்காரர்கள் ஓர் அறையில் இத்தனை பேரா என்று சோதனைக்கு வருகிறார்கள் என்று பக்கத்துக் கட்டடத்தில் பேச்சு அடிபட்டால் படத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைப்பேன். மூட்டைப்பூச்சிக்கு மருந்தடித்த அன்று, எல்லாரும் மெத்தையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் படத்தை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து காக்கா பிரியாணி தம் போட்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் பிரபு வந்து வாசலில் நின்றார். மீன் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தாராம். லுங்கியோடு இருந்தவர்கள் எல்லாம் கட்டில்களுக்குள் ஓடினார்கள். காக்கா மட்டும் பதறவில்லை. "வாங்க சாப், பைட்டோ பைட்டோ" என்று உட்காரத் தன் கட்டிலைத் தட்டிவிட்டார். அவர் குனிந்து, வளைந்து, மேல்கட்டிலில் தலையை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டார். இந்த மீனைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஐஸ் மீன் என்று காக்கா சொன்னதை நான் பயந்து பயந்து மொழிபெயர்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் புரைக்கேறிவிட்டது.

கிளம்பும் முன் என் திரைக்குள் எட்டிப் பார்த்தார். துண்டைக் கண்டார்.

"ஏன் இதைச் சிறையில் வைத்திருக்கிறாய்?"

மனசில் இருந்ததை அப்போதுதான் கேட்டேன். "சார், ஒரு பேப்பர் வேணும். இந்தப் படத்த நான்தான் இவன்கிட்ட குடுத்தேன்னு ஒரே ஒரு வரி. கீழ உங்க கையெழுத்து."

"யாரிடம் காட்ட?"

"போலீஸ் கேட்டா."

"போலீஸ் என்னைக் கேட்கட்டும். சொல்கிறேன்."

"நீங்க இல்லாதப்ப கேட்டா சார்?"

"நான் எங்கே போகப்போகிறேன்?" என்றார். குரலில் லேசாக ஒரு வருத்தம் இருந்தது, தன் வார்த்தைக்குமேல் ஒரு சாட்சி கேட்கிறானே என்பது போல. தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். லிஃப்ட் பழுது என்று எழுதிப் போட்டிருந்தது. அவர் அதில்தான் ஏறினார். அது ஓடியது.

காக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "மனுசர் தங்கம்தான் தம்பி. ஆனா அவரப் பொறந்ததுலேர்ந்து யாரும் 'நீ யாரு, பேப்பர் எங்க'ன்னு கேட்டதில்ல. அதான் வெளங்கல."

அவர் மேல் எனக்கு இருந்த பிரியமும் கோபமும் ஏன் ஒன்றாகவே இருந்தன என்பதை நான் புரிந்துகொண்டது அந்த வார்த்தையில்தான். பயப்படாதவர் என்றால் தைரியசாலி என்றுதான் நினைத்திருந்தேன். தைரியம் வேறு. பயத்தைத் தெரிந்துகொண்டு அதை மிதிப்பது தைரியம். இவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால், பக்கத்தில் ஒருவன் பயத்தில் செத்துக்கொண்டிருந்தாலும் அவர் கண்ணில் படாது.

கோடை உச்சத்தில் அவர் விழுந்தார். குளியலறையில் பக்கவாதம். வலப்பக்கம் செத்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. லண்டனிலிருந்து அவருடைய தம்பி மகன் வந்து இறங்கினார். நல்ல கோட்டு, நல்ல சப்பாத்து, முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. வந்த அன்றே வில்லாவுக்கும் கிடங்குக்கும் புதுப் பூட்டு மாட்டினார். பூட்டைப் பார்த்ததும் முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இனி ஏதும் குறைந்தால் என்னைக் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

தம்பி மகன் கிடங்குக்குள் நுழைந்து கேட்ட முதல் கேள்வி: "அந்தச் சின்ன மீன் எங்கே?"

தம்பி மகன் தன்னோடு வந்திருந்த ஓர் ஆளிடம் பேசியதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. கிடங்கிலிருந்த கப்பல்கள், மலைகள், குதிரைகள் எல்லாவற்றையும் ஒன்றாக விற்றாலும் அந்த உள்ளங்கை மீனுக்கு ஈடாகாதாம். சின்னது சின்ன ஆபத்து என்று கணக்குப் போட்டவன் நான்.

வாயைத் திறந்தேன். அதற்குள் வில்லாவிலிருந்து போன் வந்தது. சேட்டனின் அறையில் நீலக் கிண்ணம் கிடைத்துவிட்டதாம். சார்தான் கொடுத்தார் என்று சேட்டன் அழுகிறாராம். தம்பி மகன் போனை வைத்துவிட்டு, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "பேச முடியாமல் போனதிலிருந்து என் பெரியப்பா எல்லாருக்கும் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறார்."

அன்று மத்தியானமே சேட்டனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை லீவு கழிந்ததும் மற்ற வேலைக்காரர்களின் ரூம்களையும் சோதிக்கச் சொல்லியிருப்பதாகக் கூட வந்த ஆள் சொன்னார்.

ரூமுக்கு வந்து காக்காவிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"கெடங்குல கொண்டுபோய்ச் சத்தமில்லாம வெச்சிரு."

"புதுப் பூட்டு. கேமராவும் மாட்டியாச்சு காக்கா."

"கொரியர்ல?"

"அனுப்புனவன் யாருன்னு கேப்பாங்களே."

"அப்ப அந்தத் தம்பி மகன்ட்ட நேரா குடுத்துரு."

"சேட்டனும் அதத்தான் சொன்னாரு, 'சார் குடுத்தாரு'ன்னு. எங்க இருக்காரு இப்ப?"

காக்கா தாடியைத் தடவினார். எப்போதும் ஏதாவது கேலி இருக்கும் அவரிடம். அன்று இல்லை. "அப்ப ஒரே ஒரு சாட்சிதான் இருக்கு. அதுக்கு வாயில்ல. ஆனா கண்ணு இருக்குல்ல? அங்க போ. நாளைக்கு இருட்டுறதுக்குள்ள போ. ஒளிச்சு ஒளிச்சுப் போவாத, நிமிந்து போ."

நிமிர்ந்து போவது எனக்கு வந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கப்போகிறேன். மறுநாள், வியாழன் மத்தியானம் படத்தைத் துண்டில் சுற்றி, காக்கா கடைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே இரண்டு ஆரஞ்சுப் பழத்தையும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் கூட்டம் இடிக்கும் என்று, தினம் வேலைக்குப் போகிற கார் லிஃப்டிலேயே ஏறினேன். டாக்ஸி லைசென்ஸ் இல்லாமல் ஆளேற்றும் சொந்தக் கார்கள்தான் அவை. பிடித்தால் அபராதம். ஷார்ஜா நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது முன்னால் போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

பெஷாவர்க்காரர் டிரைவர். பதறாமல், "சப் போலோ, தோஸ்த் ஹை. நான் உங்க எல்லாருக்கும் சினேகிதன், புரிஞ்சுதா?" என்றார்.

என் பக்கத்தில் இருந்த தெலுங்குக்காரர் தலையாட்டினார். நான் பையை மடியோடு அணைத்துக்கொண்டேன். போலீஸ்காரர் கண்ணாடிக்குள் குனிந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு என் மடியில் இருந்த பையில் பார்வையை நிறுத்தினார்.

"ஷூ ஹாதா? என்ன அது?"

"பழம்" என்றேன். பையை விரித்து ஆரஞ்சைக் காட்டினேன். "மரீஸ். ஆஸ்பத்திரி. நோயாளி பாக்க."

பொய் இல்லை அது. ஆனால் ஆரஞ்சுக்குக் கீழே துண்டின் ஓரம் விலகி, கறுத்த சட்டத்தின் மூலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. "யல்லா" என்று கையை வீசினார். கார் நகர்ந்தபோது என் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

ஆஸ்பத்திரி அறையில் தம்பி மகன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். கட்டிலில் அவர். ஒரு பக்க முகம் மெழுகு உருகினது போல இறங்கியிருந்தது. தொப்பி இல்லாமல் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. தலை இவ்வளவு சின்னதா என்றிருந்தது.

வாசலிலிருந்தே சொல்ல மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன ஆங்கிலம் எல்லாம் மறந்துவிட்டது. நேரே கட்டிலுக்குப் போனேன். ஆரஞ்சை எடுத்துக் கீழே வைத்தேன். துண்டைப் பிரித்தேன். மீனை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

தம்பி மகன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டது. "எங்கே கிடைத்தது இது?" என்று வந்தவர் என் கையிலிருந்து படத்தைப் பிடுங்கினார். மறு கையால் செல்போனை எடுத்தார்.

அப்போது கட்டிலில் இருந்தவர் கத்தினார். வார்த்தை இல்லை, தொண்டையிலிருந்து வந்த ஒரு சத்தம். இடது கையால் கட்டில் கம்பியை ஓங்கி அடித்தார். நர்ஸ் ஓடிவந்தாள். தம்பி மகன் பயந்துபோய், அவருக்குத்தான் படம் வேண்டும்போல என்று நினைத்து, அதை அவர் கையில் கொடுக்கப் போனார். அவர் தள்ளிவிட்டார். மறுபடி கொடுத்தார். மறுபடி தள்ளினார், என் பக்கம். மூன்றாம் முறை, அந்த இடது கையின் புறங்கையாலேயே படத்தை நகர்த்தி நகர்த்தி என் வயிற்றில் கொண்டுவந்து முட்டவைத்தார். நான் பிடித்துக்கொண்டேன். சத்தம் நின்றது.

தம்பி மகன் செல்போனை இறக்கினார்.

"நீங்கள்தான் இவரிடம் கொடுத்தீர்களா?" என்று தம்பி மகன் மெதுவாகக் கேட்டார்.

அவர் இமைகளை நிதானமாக மூடித் திறந்தார்.

அதோடு நான் தப்பித்தேன். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். என் சுபாவத்துக்கு அதுதான் வழக்கம். எப்படி வந்தது என்று தெரியவில்லை, "அந்த நீலக் கிண்ணம் சார்" என்று என் வாய் சொன்னது. "சேட்டனுக்கு. அதுவும் நீங்கதானே?"

தம்பி மகன் என்னை முறைத்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். இமைகள் மறுபடி மூடித் திறந்தன. மூடும்போது ஓரத்தில் நீர் வழிந்தது. தம்பி மகனின் காதுகள் சிவந்துபோயின. செல்போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். போலீஸ் ஸ்டேஷன் என்று அவர் கேட்பதும், தவறு என்னுடையது என்று இரண்டு தடவை சொல்வதும் கதவிடுக்கு வழியாகக் கேட்டன. திரும்பி வந்து, நான் நீட்டிய மீனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கையைக் கொடுத்தார். "நீங்கள் போகலாம்" என்றார். மிஸ்டர் என்றுகூடச் சேர்த்துச் சொன்னார்.

போகலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். வாசலைப் பார்த்துத் திரும்பினேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

திரும்பிப் பார்த்தேன். அந்தக் கண்களை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினம் பார்க்கிறவைதான். கதவு சாத்தும் சத்தத்துக்குத் துள்ளும், வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் அங்கே ஓடும். எழுபது வயதுக்குமேல் முதல்முறையாகப் பயம் வந்து சேர்ந்திருக்கிறது அவருக்கு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் தெரிந்துவைத்திருந்த ஒரே வித்தை அதுதான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஒண்ணுமில்ல சார். நர்ஸ்தான் போறாங்க" என்றேன். கொஞ்சநேரம் கழித்து, "மருந்து வண்டி சார் அது" என்றேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அது என்ன என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தமிழில்தான் சொன்னேன். பிடி கொஞ்சம் தளரும், மறுபடி இறுகும்.

பார்வை நேரம் முடிந்தது. சீருடை போட்ட செக்யூரிட்டி கதவைத் திறந்து, "கலாஸ் பாய், டைம் ஓவர், யல்லா" என்றார். சீருடையைக் கண்டால் கேட்காமலே எழுந்து நிற்கிற ஆள் நான். ஊர்ப் போஸ்ட்மேனுக்குக்கூட எழுந்து நின்றிருக்கிறேன்.

அன்று எழுந்திருக்கவில்லை.